200 கிராம் பையில் 188 கிராம்: பாக்கெட் எடை பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாக்கெட் எடை பற்றியவை. கடலூரிலிருந்தும் வந்திருக்கின்றன, புதுச்சேரியிலிருந்தும் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருக் கடையில் 200 கிராம் காராசேவு பாக்கெட் ஐந்து வாங்கினேன். பலகாரம் செய்ய அளந்து போடுவதற்காக வீட்டில் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. சும்மா வைத்துப் பார்த்தால் 194, 190, 189, 196, 192 என்று காட்டுகிறது. ஒன்றுகூட 200-ஐத் தொடவில்லை. கடைக்காரரிடம் கேட்டால், "அஞ்சு பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும்மா, சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு" என்கிறார். அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா?
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை.

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இல் வந்தது. 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் பொட்டலப் பொருட்களுக்கென்று 2011-இல் தனி விதிகள் வந்தன. எவ்வளவு நல்ல இயந்திரமாக இருந்தாலும் ஒவ்வொரு பையிலும் துல்லியமாக 200 கிராம் விழாது என்பதை அந்த விதிகள் ஒப்புக்கொள்கின்றன. அதனால் ஒரு பைக்கு இவ்வளவு வரை பிழை இருக்கலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். 50 கிராம் வரையுள்ள பைக்கு 9 சதவீதம். 50-க்கு மேல் 100 வரை 4.5 கிராம். 100 முதல் 200 வரை 4.5 சதவீதம். 200 முதல் 300 வரை 9 கிராம். 300 முதல் 500 வரை 3 சதவீதம். 500 முதல் ஒரு கிலோ வரை 15 கிராம். அதற்கு மேல் 10 கிலோ வரை 1.5 சதவீதம். உங்கள் 200 கிராம் பைக்குக் கணக்குப் போட்டால் 9 கிராம் வருகிறது. அதாவது 191 கிராம்வரை இறங்கலாம்.

நீங்கள் எடை போட்டது கவரோடு சேர்த்து. பையில் அச்சடித்திருப்பது நிகர எடை. கவரை அதில் சேர்க்கவே கூடாது. காலிக் கவர் ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள். 4 கிராம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் சரக்கு 190, 186, 185, 192, 188. ஆக, 192 உள்ள ஒரு பைதான் எல்லைக்குள் வருகிறது. மற்ற நான்கும் எல்லையைத் தாண்டிவிட்டன.

அந்த மீதிப் பாதி இதுதான். 9 கிராம் என்பது ஒற்றைப் பைக்குக் கொடுத்த விட்டுக்கொடுப்பு, மொத்தச் சரக்குக்கும் கொடுத்தது கிடையாது. பொதியிடும் இடத்தில் ஆய்வாளர் சோதனை போடும்போது ஒரு தொகுதியிலிருந்து (பேட்ச்) பல பைகளை எடுத்து எடை பார்ப்பார். அவற்றின் சராசரி, அச்சடித்த எடைக்குக் குறையவே கூடாது. ஒரு பை 195 என்றால் இன்னொரு பை 205 இருக்க வேண்டும். உங்கள் ஐந்தின் சராசரி 188.2. இயந்திரத்தின் கைநடுக்கம் என்றால் சில பைகள் மேலே, சில பைகள் கீழே என்று இருக்கும். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், இயந்திரத்தில் 200-க்குப் பதில் 190-ஐ வைத்து ஓட்டியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். 9 கிராம் இடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த 9 கிராமையும் மிச்சம் பிடிக்கிற கணக்கு இது. ஐந்து பை ஆதாரமாகாது, வீட்டுத் தராசும் ஆதாரமாகாது. ஆனால் புகார் கொடுக்க இந்தச் சந்தேகம் தாராளமாகப் போதும்.

கேள்வி: இரண்டு பிஸ்கட் பாக்கெட் வாங்கி, ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டாகிவிட்டது. குறைவாக இருக்கிறதே என்று தோன்றியது. இன்னொன்று அப்படியே இருக்கிறது. பக்கத்துக் கடைத் தராசில் எடை போட்டுப் போட்டோ எடுத்தால் போதுமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மிச்சம் இருப்பதைப் பிரித்துவிடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். உங்கள் வழக்கே அந்தப் பைதான். பிரித்த பையில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டால் உங்களிடம் பதில் இல்லை.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வெயில் பட்டால் எழுத்து அழிந்துபோகும் காகிதமாக இருந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். பையின் பின்புறம் இருக்கும் தொகுதி எண், தயாரித்த மாதம், நிகர எடை, தயாரித்தவர் முகவரி எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி இன்னொரு போட்டோ. முடிந்தால் அதே கடையில் அதே தொகுதி எண் உள்ள பை இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தராசு. கடைத் தராசின் பக்கவாட்டில் ஒரு சின்ன உலோகத் தகடு ஒட்டியிருக்கும். பெரும்பாலும் மாவும் எண்ணெயும் படிந்து கிடக்கும். துடைத்துவிட்டுப் பாருங்கள். மேக்ஸ், மின், இ என்று மூன்று அளவுகள் இருக்கும். மேக்ஸ் 30 கிலோ, இ 5 கிராம், மின் 100 கிராம் என்று போட்டிருந்தால், அந்தத் தராசை 5 கிராம் படிகளில்தான் நம்பலாம், 100 கிராமுக்குக் கீழே எதையும் அதில் எடை போடவே கூடாது. மளிகைக் கடைகளில் இந்த மாதிரித் தராசு சாதாரணம். அதில் 75 கிராம் பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு 5 கிராம் குறைகிறது என்று சொன்னால் நிற்காது. 300 கிராம் பை என்றால் ஓரளவுக்குச் சொல்லலாம். நகைக்கடைத் தராசு இன்னும் நுட்பமானது; தெரிந்தவர் இருந்தால் அங்கே போட்டுப் பாருங்கள். எந்தத் தராசாக இருந்தாலும் எடையளவுத் துறையின் முத்திரை போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை போட வேண்டும். அதற்கான சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். பல கடைகளில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

இதெல்லாம் உங்கள் சந்தேகத்தை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். நுகர்வோர் ஆணையத்தின் முன் எடுபடுவது அரசு ஆய்வாளர் போட்ட எடை. கேரளாவில் திருச்சூர்க்காரர் ஒருவர் செய்தது பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். 2019 டிசம்பரில் ஒரு பேக்கரியில் பிரிட்டானியா நியூட்ரி சாய்ஸ் தின் ஆரோரூட் பிஸ்கட் இரண்டு பாக்கெட் வாங்கினார். ஒன்று 40 ரூபாய்; எடை 300 கிராம் என்று போட்டிருந்தது. சந்தேகப்பட்டு எடையளவுத் துறையின் பறக்கும் படையிடம் கொண்டுபோனார். அவர்கள் போட்ட எடையில் ஒன்று 268 கிராம், இன்னொன்று 248. 300 கிராம் பைக்கு அனுமதித்த பிழை 9 கிராம்தான்; இங்கே குறைந்திருந்தது 32 கிராம், 52 கிராம். திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024-இல் அவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் செலவுத் தொகையும் தரச் சொன்னது. மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தும்படி எடையளவுத் துறைக்கும் உத்தரவு போட்டது. அவர் முதலில் போனது வக்கீலிடமோ கடைக்காரரிடமோ இல்லை, எடையளவுத் துறையிடம். அந்த வரிசைதான் முக்கியம்.

கேள்வி: நான் இருப்பது மஞ்சக்குப்பம். புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் அரைக் கிலோ முந்திரிப் பாக்கெட் வாங்கினேன். எடை குறைவு. கவரைப் பார்த்தால் பொதியிட்டது பண்ருட்டியில். நான் யாரிடம் போவது? ஆளுக்கு ஒரு ஆபீஸைக் கைகாட்டுகிறார்கள்.
— வாசகர், கடலூர்

பதில்: நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சியே மாறிவிடுகிறது. ஆனால் சட்டம் ஒன்றுதான். 2009 சட்டம் மத்திய சட்டம், இரண்டு பக்கமும் செல்லும்.

கடை புதுச்சேரியில் இருப்பதால், அந்தக் கடைக்குள் போய்ச் சரக்கைச் சோதிக்கும் அதிகாரம் புதுச்சேரி எடையளவுத் துறைக்கு. பொதியிட்ட இடம் பண்ருட்டியில் இருப்பதால் அங்கே சோதனை போடுவது தமிழ்நாடு தொழிலாளர் துறை. ஆமாம், தமிழ்நாட்டில் எடையளவு தொழிலாளர் துறையின் கீழ்தான் வருகிறது. கடலூரில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போகாதீர்கள். கலப்படம், கெட்டுப்போனது, பூச்சி இவற்றுக்குத்தான் அவர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் டிஎன்-எல்எம்சிடிஎஸ் என்ற செயலி வழியாகவும் புகார் போடலாம். உங்கள் விஷயத்தில் பண்ருட்டிக்கே நேராகக் குறிவையுங்கள் என்பது என் யோசனை. கடையில் பத்துப் பை இருக்கும். பொதியிடும் இடத்தில்தான் முழுத் தொகுதியும் கிடைக்கும், சராசரியும் அங்கேதான் வெளிவரும்.

இழப்பீடு வேண்டும் என்றால் அது வேறு வழி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. 1986-இன் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. எதிர்த்தரப்பு இருக்கிற இடத்துக்கோ பிரச்சினை நடந்த இடத்துக்கோ போக வேண்டும். இப்போது கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உங்களுக்குப் போதும், புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம்.

கேள்வி: எடை குறைவு என்று ஒரு நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்தேன். ஆய்வாளர் வந்து பார்த்து, தவறு என்று சொல்லி அபராதமும் கட்ட வைத்தார்கள். எனக்கு ஒரு பைசா வரவில்லை. நான் ஏமாந்ததற்கு என்ன பலன்?
— வாசகி, வில்லியனூர்

பதில்: அபராதம் அரசு கஜானாவுக்குப் போகும். அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது. எடையளவுச் சட்டம் குற்றத்தைத் தண்டிக்க வந்தது, உங்கள் நஷ்டத்தை ஈடுகட்ட வந்தது அல்ல.

2009 சட்டத்தின் 36-ஆம் பிரிவு எழுதப்பட்டபோது, அச்சடித்த எடைக்கும் உள்ளிருக்கும் எடைக்கும் அனுமதித்த அளவை மீறி வித்தியாசம் இருந்தால் முதல் தடவை 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள். மறுபடி அதே குற்றம் என்றால் ஒரு லட்சம் ரூபாய் வரை, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படிக்கக் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் துறையிலேயே ஒரு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ள அதே சட்டம் 48-ஆம் பிரிவில் வழி விட்டிருக்கிறது. பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. லட்சக்கணக்கில் பாக்கெட் ஓட்டுகிற கம்பெனிக்கு இந்தத் தொகை எல்லாம் ஒரு நாள் டீச்செலவு. இதை எழுதிவிட்டு, ‘அதனால் புகார் கொடுத்துப் பயனில்லை’ என்று நான் சொல்லப் போவதில்லை. ஆய்வாளரின் அறிக்கை இருக்கிறதே, அதுதான் உங்களுக்குக் கிடைத்த சொத்து. அதன் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதை வைத்துக்கொண்டு புதுச்சேரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், ‘எடை குறைவா இல்லையா’ என்ற வாதத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் துறை, பிறகு ஆணையம். நேராக ஆணையத்துக்குப் போகிறவர்கள் பலர் ஆதாரம் இல்லாமல் தோற்கிறார்கள். துறையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள்.

கேள்வி: ஒரு பிஸ்கட் குறைந்ததற்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது. கதையா, நிஜமா?
— வாசகர், சிதம்பரம்

பதில்: நிஜம். இதில் கவனிக்க நிறைய இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021 டிசம்பரில் சென்னைக்காரர் ஒருவர் தெரு நாய்களுக்குப் போட சன்ஃபீஸ்ட் மேரி லைட் பாக்கெட் வாங்கினார். கவரில் 16 பிஸ்கட் என்று அச்சடித்திருந்தது. எண்ணிப் பார்த்தால் 15. ஐ.டி.சி. நிறுவனத்தின் மேல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டார். கம்பெனி தரப்பில், நாங்கள் விற்பது எடைக்கணக்கில், எண்ணிக்கையில் இல்லை. பாக்கெட்டின் எடை 76 கிராம் என்றார்கள். எடை போட்டுப் பார்த்தால் 74 கிராம் இருந்தது. உடனே பட்டியலைக் காட்டினார்கள்: 50 முதல் 100 கிராம் வரை 4.5 கிராம் பிழைக்கு இடம் இருக்கிறது, நாங்கள் 2 கிராம்தான் குறைந்திருக்கிறோம். நெல்லிக்குப்பம் கடைக்காரர் சொன்ன அதே வாதம், கோட்டு போட்ட வக்கீல் வாயிலிருந்து.

ஆணையம் ஏற்கவில்லை. அந்தச் சலுகை ஆவியாகி எடை குறையக்கூடிய பொருளுக்கு. பிஸ்கட்டுக்குச் செல்லாது என்றது. தவிர, 16 என்று நீங்களே அச்சடித்தீர்கள், வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தானே வாங்குகிறார் என்றும் சொன்னது. 2023-இல் வந்த உத்தரவில் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு, 10,000 ரூபாய் செலவுத் தொகை, அந்தத் தொகுதியை விற்கக் கூடாது என்ற தடை.

என் கருத்தைக் கேட்டால், பிஸ்கட்டுக்குப் பிழைச் சலுகையே இல்லை என்ற பகுதி மேல்முறையீட்டில் கேள்விக்குள்ளாகக் கூடியது. பட்டியலில் பொருள்வாரியாகப் பிரிவு எதுவும் இல்லை. அச்சடித்த எடைதான் கணக்கு. ஆனால் எண்ணிக்கை விஷயம் உறுதியாக நிற்கும். எடையில் 2 கிராம் ஏறலாம், இறங்கலாம். 16 என்று போட்டால் 16 இருக்க வேண்டும், பதினைந்தே முக்கால் என்று ஒன்று கிடையாது. ஆகவே கவரில் எண்ணிக்கை போட்டிருந்தால் தராசைத் தேடாதீர்கள், எண்ணிவிடுங்கள். ஆனால் மாவட்ட ஆணையத்தின் உத்தரவு இன்னொரு மாவட்டத்தைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கும் ஒரு லட்சம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

கேள்வி: பத்து ரூபாய் பாக்கெட் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகிறதே, இதற்கு வழக்குப் போட முடியாதா?
— வாசகர், நெய்வேலி

பதில்: முடியாது. 52 கிராம் என்று போட்டு 52 கிராம் கொடுத்தால் அது அவர்கள் வியாபாரம். பிஸ்கட், எண்ணெய், டீத்தூள் போன்றவற்றை இன்ன எடைகளில்தான் பொதியிட வேண்டும் என்று விதிகளில் முன்பு ஒரு அட்டவணை இருந்தது. 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். அதற்கு மாற்றாக ஒரு கிராமுக்கு என்ன விலை, ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் கவரில் போட வேண்டும் என்று வந்தது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு கம்பெனிப் பொருளை ஒப்பிட அதைப் பாருங்கள், கவரின் உப்பலைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு ஸ்வீட் வாங்கினால் அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போடுகிறார்கள். கேட்டால், "எல்லாக் கடையிலும் இப்படித்தான் சார்" என்கிறார்கள்.
— வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: எல்லாக் கடையிலும் அப்படிச் செய்தால் எல்லாக் கடையிலும் குற்றம், அவ்வளவுதான். கண்ணெதிரே எடை போட்டுத் தருகிற சரக்குக்குப் பொட்டல விதிகள் வேண்டியதில்லை. சொன்ன எடையைவிடக் குறைத்துக் கொடுப்பதே சட்டத்தின் 30-ஆம் பிரிவில் குற்றம். ஒரு கிலோ பெட்டி 80 கிராம் என்றால், கிலோ 800 ரூபாய் முந்திரி கேக்கில் 64 ரூபாய்க்கு அட்டை வாங்குகிறீர்கள். தராசில் டேர் என்று ஒரு பொத்தான் இருக்கும். காலிப் பெட்டியை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் காட்டும், பிறகு ஸ்வீட்டை அடுக்கலாம். "டேர் போட்டுக் குடுங்க தம்பி" என்று கேட்டாலே பெரும்பாலும் போட்டுவிடுவார்கள். பின்னால் நிற்கிறவர்களும் கேட்க ஆரம்பிப்பார்கள். மறுத்தால் பில்லும் பெட்டியுமாகப் புகார் கொடுங்கள்.

கேள்வி: அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது? இதில் ஏதும் எடை மோசடி உண்டா?
— வாசகி, விருத்தாசலம்

பதில்: எடை மோசடி இல்லை, வரிக் கணக்கு. 2022 ஜூலை 18 முதல், பொதியிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25-ஐத் தாண்டினால் இல்லை. ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிப் போட்டு வரியிலிருந்து நழுவினார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: 25-க்கும் 26-க்கும் விலையைக் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். பொட்டல விதிகளிலும் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைகளுக்கு விலக்கு உண்டு. அதற்காக 26 என்று சொல்லி 25 கொடுக்கலாம் என்று அர்த்தம் இல்லை. மேலே சொன்ன 30-ஆம் பிரிவு இங்கேயும் பாயும்.

கேள்வி: ஒரு லிட்டர் என்று போட்ட சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் 900 கிராம் சொச்சம்தான் வருகிறது. 90 கிராம் அடித்துவிட்டார்களா?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். பால் இதற்கு நேர்மாறு: 500 மில்லி பால் 515 கிராம் அளவில் இருக்க வேண்டும். பால் பாக்கெட்டைத் தராசில் வைத்து 500 காட்டுகிறதே என்று திருப்திப்பட்டால் அங்கேதான் ஏமாந்தீர்கள்.

எண்ணெயில் வேறொரு தந்திரம் இருந்தது. சூடேறினால் எண்ணெய் விரியும். 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று கவரில் பொடியாகப் போட்டுவிட்டால், அறை வெப்பத்தில் ஒரு லிட்டருக்குத் தேவையானதைவிடக் குறைவாக ஊற்றலாம். சோயா எண்ணெயில் 21 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் லிட்டருக்கு 26 கிராம் வரை வித்தியாசம். 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையை எழுதாதீர்கள், லிட்டரோடு கிராமையும் போடுங்கள் என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. ஆகவே கிராம் எண்ணைப் பாருங்கள். ஒரே உயரத்தில், ஒரே பளபளப்பில் நிற்கிற இரண்டு பாக்கெட்டில் ஒன்று 910, இன்னொன்று அதைவிடக் குறைவு என்று இருக்கும்.

கேள்வி: நாங்கள் முதுநகர்ப் பக்கம் மகளிர் சுய உதவிக்குழு. கருவாடும் முறுக்கும் 250 கிராம் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். போடும்போது சரியாகத்தான் போடுகிறோம். ஆனால் ஒரு மாதம் கடையில் கிடந்த கருவாட்டுப் பாக்கெட் 240 கிராம்தான் இருந்தது. ஆய்வாளர் வந்தால் எங்களுக்கு அபராதம் வருமா? எங்களுக்குச் சட்டம் எல்லாம் தெரியாதுங்க.
— வாசகி, கடலூர்

பதில்: நீங்கள் கேட்டது ரொம்ப நல்லது அம்மா. பெரிய கம்பெனிகளைவிடச் சின்னக் குழுக்கள்தான் இதில் சுலபமாக மாட்டுகின்றன. ஏமாற்ற நினைத்து அல்ல, தெரியாததால்.

250 கிராமுக்கு அனுமதி 9 கிராம். 241-க்குக் கீழே போனால் குற்றக் கணக்கில் வரும். உங்கள் 240 ஒரு கிராமில் தாண்டிவிட்டது. கருவாட்டில் ஈரம் இருக்கும், அது காயக் காய எடை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் பொதியிடும்போது இருந்த எடை என்று கவரில் எழுதித் தப்பிக்க எல்லாப் பொருளுக்கும் இடம் இல்லை. சோப்பு மாதிரி, விதிகளின் அட்டவணையில் பெயர் சொன்ன சில பொருட்களுக்குத்தான் அந்த வாசகம். ‘ஏறக்குறைய 250 கிராம்’, ‘குறைந்தபட்சம் 250 கிராம்’ என்றும் போடக் கூடாது.

அதனால் செய்ய வேண்டியது இரண்டு. கருவாட்டை இன்னும் நன்றாகக் காயவைத்து, மெல்லிய கவருக்குப் பதில் கொஞ்சம் தடித்த, காற்றுப் புகாத கவரில் போட்டு ஒட்டுங்கள். அப்புறம், ஒரு தொகுதியிலிருந்து நாலைந்து பாக்கெட்டைக் கடைக்கு அனுப்பாமல் உங்களிடமே வைத்து, வாரம் ஒருமுறை எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் 8 கிராம் இறங்குகிறது என்று தெரிந்தால் போடும்போதே 258 போட்டு, அதற்கேற்ப விலையை வையுங்கள். முறுக்கில் இந்தத் தொல்லை இல்லை. உடைந்த துண்டுகளைக் கழிக்கும்போது எடை குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தராசை மறக்காதீர்கள். கருவாட்டுக்கு வைத்திருக்கிற பெரிய தராசில் 250 கிராம் போடாதீர்கள். ஒரு கிராம், இரண்டு கிராம் படிகளில் காட்டுகிற சின்னத் தராசு வாங்கி முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையலுக்கு விற்கிற பிளாஸ்டிக் தராசுக்கு முத்திரை போட மாட்டார்கள், வாங்கும்போதே வியாபாரத்துக்கு என்று சொல்லி வாங்க வேண்டும்.

கவரில் குழுவின் பெயர், முழு முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, பொதியிட்ட மாதம் வருடம், எல்லா வரியும் உட்பட்ட எம்.ஆர்.பி., கிராம் விலை, புகாருக்கான தொலைபேசி எண், மின்னஞ்சல் இவை இருக்க வேண்டும். எடையை ஆங்கிலத்தில் போட்டால் ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்துதான்; ‘ஜிஎம்எஸ்’ என்று போட்டாலும் குறை எழுதுவார்கள். அச்சகத்துக்காரர் பழைய கவரைப் பார்த்து அப்படியே அடித்துக் கொடுப்பார், சரிபார்க்க வேண்டியது நீங்கள்தான். பொதியிடுபவராகப் பதிவு செய்ய 500 ரூபாய் கட்டணம். தொழில் தொடங்கி 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நாள் தாண்டியிருந்தாலும் நீங்களாகப் போய்ப் பதிவு செய்துவிடுங்கள். மேலே சொன்ன தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்திலேயே விவரம் கேட்கலாம். போகும்போது உங்கள் பாக்கெட் ஒன்றையும் கையோடு கொண்டுபோய், கவரில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று காட்டிக் கேளுங்கள்.